வெள்ளவத்தையிலிருந்து உப்புவெளிக்கு: மூன்று ஆண்டுகளின் பின் ஒரு கணக்கு

அனைவருக்கும் வணக்கம். இன்று கடற்கரைக்குப் போகவில்லை. திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கிணற்றடியில், வேப்பமர நிழலில் கதிரையைப் போட்டு அமர்ந்து பேசுகிறேன். புறாத் தீவையும் கன்னியா வெந்நீர் ஊற்றுகளையும் கோணேசர் கோயிலையும் காட்டிய காணொளிகளின் கீழே, உங்களில் பலர் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறீர்கள். கொழும்பை விட்டுத் திருகோணமலைக்குக் குடிவந்துவிடலாமா என்பதே அந்தக் கேள்வி. இதுவரை "தாராளமாக வாருங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் எழுதி வந்தேன். அந்தப் பதில் என் வரையில் உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம், நால்வருக்கும் அது ஒரே அளவில் உண்மையாக இல்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்த பிறகும் அப்படி எழுதிக்கொண்டிருப்பது சரியல்ல.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தை மாதத்தில் வந்தோம். கணவருக்கு இங்குள்ள வங்கிக் கிளையொன்றுக்கு இடமாற்றம் கிடைத்தது. நான் சில நிறுவனங்களுக்கு இணையவழியில் கணக்கெழுதிக் கொடுப்பவள், ஆகவே எனக்கு ஒரு மேசையும் மின்சாரமும் இருந்தால் போதும். மகள் அப்போது எட்டாம் தரம் முடித்திருந்தாள். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த தொடர்மாடியின் மூன்றாம் தளத்திலிருந்து லொறியில் பொருள்களை ஏற்றிய அன்று, முடிவை எடுத்தவர்கள் நானும் கணவரும்தான். மகளிடம் அறிவித்தோம். அம்மாவிடம் கேட்டதாக அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அவரிடமும் அறிவிக்கத்தான் செய்திருக்கிறோம். "எனக்கென்ன பிள்ளை, நீங்கள் இருக்கிற இடத்திலை நானும் இருப்பன்" என்று அவர் சொன்னதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவை உண்மையில் நல்லவை. வெள்ளவத்தையில் இரண்டு அறைகளுக்குக் கொடுத்த வாடகையில் ஏறத்தாழப் பாதிக்கு, வளவும் கிணறும் உள்ள முழு வீடு கிடைத்தது. மகள் சைக்கிளில் பாடசாலைக்குப் போகிறாள். காலி வீதியின் நெரிசலில் இதை நான் கனவிலும் அனுமதித்திருக்க மாட்டேன். பிரதேச செயலகத்திலும் தபாலகத்திலும் அம்மா தன் மொழியில் தானே பேசித் தன் காரியத்தை முடித்துக்கொள்கிறார். கொழும்பில் சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்டு வந்த ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு, யாராவது வாசித்துச் சொல்வார்களா என்று மாலை வரை அவர் காத்திருந்த நாள் எனக்கு மறக்கவில்லை. மாகாண சபையின் தலைமையகமும் மாவட்டச் செயலகமும் இந்த ஊரிலேயே இருப்பதால், ஒரு கையொப்பத்துக்காக வேறு ஊருக்கு அலைய வேண்டியதும் இல்லை.

இனித் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது என்று நாங்கள் வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அதை ஒரு பேச்சுக்குச் சொன்னதாக எண்ணினேன். தை மாதத்தில், மாரி மழை முடிந்த கையோடு வந்த எங்களுக்கு இந்தக் கிணற்று நீர் இனித்தது. ஆடி பிறந்து, மேற்கிலிருந்து கச்சான் காற்று அனல்போல் வீசத் தொடங்கி, கிணற்றின் உள்வளையங்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தபோது சுவை மாறியது. ஆவணியில் தேநீர் போட்டால் சீனியையும் மீறி ஒரு கரிப்பு நாக்கில் நின்றது. இதோ, இந்தக் கேத்தலைக் கொஞ்சம் அருகில் காட்டுகிறேன். அடியில் ஓடுபோல வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பாருங்கள்; கரண்டிக் காம்பால் சுரண்டினால் செதில் செதிலாகப் பெயர்கிறது. இது ஒரு கோடையின் படிவு. இப்போது குடிப்பதற்கும் சமையலுக்கும் குழாய்நீரையே பயன்படுத்துகிறோம். கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் அந்த நீர் நன்றாகவே இருக்கிறது, ஆனால் எல்லா ஒழுங்கைகளுக்கும் எல்லா நேரத்திலும் ஒரே அழுத்தத்தில் வருவதில்லை. வீடு பார்க்க வருகிறவர்களுக்கு அந்த அக்கா சொல்லும் அறிவுரையை நானும் சொல்கிறேன். ஆவணி மாதத்துத் தண்ணீரை ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு முற்பணத்தைக் கொடுங்கள்.

காலநிலை என்று வரும்போது, தென்மேற்கிலிருந்து வருகிறவர்கள் தங்கள் நாட்காட்டியையே திருப்பி வைக்க வேண்டியிருக்கும். கொழும்பில் வைகாசி முதல் மழை பெய்து கடல் கொந்தளிக்கும் காலத்தில், இங்கே நிலாவெளிக் கடல் குளம்போலக் கிடக்கும், உல்லாசப் பயணிகள் வந்து குவிவார்கள், விடுதிகளுக்கு அருகிலுள்ள வீடுகளின் வாடகையும் முச்சக்கரவண்டிக் கட்டணமும் ஏறும். ஐப்பசி பிற்பகுதியிலிருந்து வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டால், மார்கழி வரை துணி உலராது. 1964 டிசம்பரில் அடித்த சூறாவளியை இங்குள்ள முதியவர்கள் இன்னும் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரேவி சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலேதான் கரை கடந்தது. கடலுக்கு அருகில் வீடு வேண்டும் என்று கேட்கிறவர்கள் இந்தத் திகதிகளையும் சேர்த்தே வீட்டைப் பார்க்க வேண்டும். விடுதி, உணவகம், படகுச் சவாரி என்று பயணிகளை நம்பித் தொழில் தொடங்க எண்ணுகிறவர்கள், சித்திரை முதல் புரட்டாதி வரை கிடைக்கும் வருமானத்தை மற்ற மாதங்களுக்கும் நீட்டிப் பார்த்து, அப்படியும் வீட்டுச் செலவு கட்டுப்படியாகுமானால் மட்டும் இறங்குவது நல்லது.

காணி வாங்குவது பற்றிக் கேட்டவர்களுக்கு ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விற்கிறவர் காட்டுவது உறுதி எனப்படும் உரிமைப் பத்திரம் உள்ள தனியார் காணியா, அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியா என்று முதலில் பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட காணியை அரசின் சம்மதமின்றி ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது. கடலோரத்தில், உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரையான பகுதி கரையோர வலயமாகையால், அங்கே கட்டடம் எழுப்பவும் தனியே அனுமதி பெற வேண்டும். நாங்கள் வாங்கவில்லை, குறைந்தது ஓர் ஆடியையும் ஒரு கார்த்திகையையும் வாடகை வீட்டில் கழிக்காமல் யாரும் வாங்கக்கூடாது என்பதே என் கருத்து.

பிள்ளைகளின் படிப்பில் பலர் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் கொள்ளப்படும் மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. திருகோணமலை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. மாணவரின் மாவட்டம் எது என்பதை, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அவர் கற்ற பாடசாலையைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். ஆகவே பதினோராம் தரத்திலோ உயர்தரத்தின் நடுவிலோ பிள்ளையை இடம் மாற்றுவது வீடு மாறுவதோடு முடிகிற காரியம் அல்ல. மகள் நேரத்தோடு வந்துவிட்டாள் என்ற வகையில் எங்களுக்கு நிம்மதி. மறுபுறம், வெள்ளவத்தையில் ஒரே வீதியில் மூன்று பௌதிகவியல் ஆசிரியர்களிடையே தெரிவு செய்யும் வசதி இருந்தது. இங்கே நல்ல ஆசிரியர்கள் இருந்தும் தெரிவு குறைவு. மகள் இரவில் இணையவழி வகுப்புகளில் அமர்கிறாள். அவளுக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது, தோழிகள் இருக்கிறார்கள், கடல் இருக்கிறது.

இதுவரை நான் சொன்னவற்றுள் குறைகள் எல்லாம் பணத்தாலோ முன்யோசனையாலோ சரிசெய்யக் கூடியவை. அம்மாவின் பக்கத்துக் கணக்கு வேறு.

அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது கொழும்பில். நான்கு மாதத்துக்கு ஒருமுறை, அவரை ஆரம்பத்திலிருந்தே பார்த்து வரும் வைத்தியரிடம் காட்டுகிறோம். இங்குள்ள மாவட்டப் பொது வைத்தியசாலையில் மாதாந்தக் கிளினிக்குக்குப் போகிறார், அங்கே குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் பழைய வைத்தியரை விட அவருக்கு மனம் வரவில்லை, அந்த வயதில் அதை வற்புறுத்துவது நியாயமும் இல்லை. ஆகவே சுமார் 260 கிலோமீற்றர் பயணம். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வரும் வீதி நல்ல வீதிதான். இரவில் ஹபரணைக் காட்டுப் பகுதியில் யானை நிற்கும் என்பதால் இரவு அஞ்சல் புகையிரதத்தையே நாங்கள் பிடித்து வந்தோம்.

சென்ற ஆண்டு ஒரு பயணத்தில், விடியற்காலை கோட்டை நிலையத்தில் இறங்கும்போது அம்மாவின் கால்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. மேடையில் ஒரு வாங்கில் அமர்த்தி, கிளினிக் கொப்பியை என் கையில் வாங்கிக்கொண்டேன். பச்சை மட்டை போட்ட பழைய கொப்பி, மூலைகள் மடிந்து, நடுவில் நூல் தளர்ந்திருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் பென்சிலால், அம்மாவின் எழுத்தில், ஒன்பது பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் எழுதப்பட்டிருந்தன. எல்லாம் தொடர்மாடிக்காரர்கள். எழுத்துச் சிறிதாகிக்கொண்டே போய், கடைசிப் பெயர் பக்கத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. இரண்டு பெயர்களின் மேல் கோடு கிழித்திருந்தார். அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார். இரண்டு மரணச் சடங்குகளுக்கும் அவரால் போக முடியவில்லை. செய்தி வந்தபோது எங்களிடம் சொல்லவும் இல்லை.

வெள்ளவத்தையில், மாலை ஐந்து மணிக்கு மின்தூக்கியில் இறங்கி, தொடர்மாடி வாசலிலுள்ள சீமெந்துத் திண்ணையில் ஆறேழு பெண்கள் அமர்ந்து பேசுவார்கள். நான் வேலை முடித்து வரும்போது அவர்களைக் கடந்துதான் மேலே போவேன், ஒரு புன்னகையோடு. அந்தத் திண்ணை எங்களுடைய குடும்பச் சொத்து என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வாடகை, சம்பளம், பாடசாலை, வீட்டின் சதுர அடி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் இரண்டு பத்தியாக எழுதிக் கூட்டிக் கழித்தவள் நான், தொழிலே அதுதான். ஆனால் குடும்பம் முழுவதற்கும் ஒரே கணக்கு எழுதினேன். நால்வருக்கும் நான்கு தாள் எடுத்து எழுதியிருந்தால், வரவின் பெரும்பகுதி மூன்று தாள்களிலும், இழப்பின் பெரும்பகுதி நான்காவது தாளிலும் விழுந்திருப்பதை முதல் நாளே கண்டிருப்பேன். அந்த நான்காவது தாளுக்கு உரியவர் வீட்டில் மிகக் குறைவாகப் பேசுகிறவர் என்பதால், நெடுநாள் அது என் கண்ணுக்குப் படவில்லை. இதற்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், உங்கள் முன்னிலையிலும் சொல்கிறேன்.

மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இந்தக் கரைக்கு வந்து வாடி என்னும் தற்காலிகக் குடில்களைப் போட்டுத் தொழில் செய்வதை நிலாவெளிப் பக்கம் போனால் பார்க்கலாம். காற்று மாறியதும் வாடியைப் பிரித்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். இரண்டு கரையும் அவர்களுக்கு வேண்டும். நாங்களோ லொறியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, ஒரு கரையை மொத்தமாக விட்டு வந்தோம். அம்மாவுக்காவது அந்தக் கரையில் ஒரு பிடியை வைத்திருக்கலாம் என்ற யோசனை எனக்கு அந்த வாடிகளைப் பார்த்த பிறகே வந்தது.

வரும் தை மாதத்தோடு வீட்டு ஒப்பந்தம் முடிகிறது. கணவரின் இடமாற்றமும் நீடிக்கப்படலாம், திரும்பவும் அழைக்கப்படலாம். மகளின் உயர்தரத்துக்காக இன்னும் இரண்டு ஆண்டுகளாவது இருக்க வேண்டும் என்று நாங்கள் மூவரும் விரும்புகிறோம். இம்முறை அம்மாவிடம் கேட்டோம். முதலில் பழைய பதிலையே சொன்னார். நான் எழுந்து போகாமல், அவர் வெற்றிலை மடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். பிறகு மூன்று விடயங்கள் சொன்னார். கிளினிக் பயணம் இனிப் பகலில், காரில், தம்புள்ளையில் இறங்கி ஓய்வெடுத்துப் போவதாக இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆடியிலும், இங்கே கச்சான் வீசி நீர் கரிக்கும் காலத்தில், ஒரு மாதம் அவர் வெள்ளவத்தையில் தன் தோழி ஒருவரின் வீட்டில் தங்குவார், நாங்கள் வாடகையில் மிச்சம் பிடித்த பணத்திலிருந்து அதற்குச் செலவு கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, கேற்றுக்கு வெளியே, ஒழுங்கைப் பக்கமாக, நான்கு பேர் அமரக்கூடிய ஒரு வாங்கு வேண்டும். உள்ளே வளவுக்குள் போட்டால் யாரும் வரமாட்டார்கள், ஒழுங்கையில் போட்டால்தான் போகிறவர்கள் இருந்து பேசுவார்கள் என்று காரணமும் சொன்னார்.

முதலிரண்டுக்கும் சம்மதித்துவிட்டோம், வாங்கை வேப்பம் பலகையில் செய்யக் கொடுத்திருக்கிறோம். உப்புக் காற்றில் இரும்பாணி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் மர ஆணி வைத்துப் பூட்டுவதாகத் தச்சர் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து போடுவார்.