கன்னத்தில் ஒரு சுறா வாய்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே சீருடை போட்ட நாற்பது பிள்ளைகளைத் தள்ளி நின்று பார்த்தால் எல்லாரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். பெற்றவளுக்கு மட்டும் தன் பிள்ளையின் சட்டையில் ஒரு பொத்தான் மாறியிருப்பது தெரியும். பழைய போர் விமானப் புகைப்படங்களை நான் அந்தத் தாயின் கண்ணோடுதான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் விமானத்தின் பக்கவாட்டில் மூன்று பெரிய எழுத்துகள் இருக்கும். வட்டச் சின்னத்துக்கு ஒரு பக்கம் இரண்டு எழுத்து, அது ஸ்குவாட்ரனுக்கு, அதாவது விமானப் படைப்பிரிவுக்கு. மறுபக்கம் ஒன்று, அது அந்த விமானத்துக்கு. கேட்க எளிதுதான். ஆனால் 19ஆம் ஸ்குவாட்ரனை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானம் முதலில் போய்ச் சேர்ந்தது அவர்களிடம், 1938 ஆகஸ்டில். அப்போது வாலில் 19 என்ற எண். அப்புறம் டபிள்யூ-இசட். 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் அதுவும் போய் கியூ-வி வந்தது. ஓராண்டு சொச்சத்தில் மூன்று அடையாளம்! அதனால்தான் சொல்கிறேன், எழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குப் படத்தின் தேதியும் தெரியும்.

1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளைத் தகர்த்த 617ஆம் ஸ்குவாட்ரனும் இப்படித்தான். அன்றிரவு அவர்களின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் ஏ-ஜே. பின்னாளில் அதே ஸ்குவாட்ரன் கே-சி என்றும் ஒய்-இசட் என்றும் பறந்தது. ஏ-ஜே-யை மட்டும் தேடுகிறவர் பாதிப் படங்களைத் தவறவிட்டுவிடுவார்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன். ஜெர்மானியரின் இரட்டை இன்ஜின் விமானப் பிரிவு ஒன்று, மூக்கில் சுறாவின் வாயை வரைந்துகொண்டது. அதைப் பார்த்து, வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்த பிரிட்டனின் 112ஆம் ஸ்குவாட்ரன் 1941இல் தன் டோமஹாக் விமானங்களில் வரைந்தது. அந்த விமானத்தின் மூக்கடியில் காற்று புக ஒரு பெரிய திறப்பு உண்டு. சுற்றிப் பல்லை வரைந்தால் போதும், வாய் தானே பிளந்து நிற்கும். அந்தப் படம் ஒரு பத்திரிகையில் வந்தது. சீனாவுக்காகப் போரிட வந்து பர்மாவில் பயிற்சியில் இருந்த அமெரிக்கத் தன்னார்வலர்கள் அதைப் பார்த்தார்கள். அவர்களிடமும் அதே வகை விமானம்தான். உடனே தூரிகையை எடுத்துவிட்டார்கள்! எதிரியின் மூக்கில் பிறந்த வாய் எங்கெல்லாம் பயணப்பட்டிருக்கிறது பாருங்கள். உலகம் இன்று அதைப் 'பறக்கும் புலிகள்' என்று பெயர்பெற்ற அந்த அமெரிக்கர்களின் அடையாளமாகவே அறியும்.

எல்லாம் கையால் வரைந்தது. ஒன்றில் பற்கள் நெருக்கம், இன்னொன்றில் கண் சற்று மேலே. ஒரு வாயைப்போல் இன்னொரு வாய் இல்லை. பறக்கும் புலிகளின் மூன்று ஸ்குவாட்ரன்களைப் பிரித்துக்காட்ட உடலின் பின்பகுதியில் ஒரு பட்டை: முதலாவதுக்கு வெள்ளை, இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்குச் சிவப்பு. பட்டை ஸ்குவாட்ரனைச் சொல்லும், பல் வரைந்தவரின் கையைச் சொல்லும். இந்த வித்தியாசங்களைப் பிழை என்று ஒதுக்காதீர்கள்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை வருகிறது. அமெரிக்கக் கடற்படையின் வால் சின்னங்களை இன்று தொட முடியாது. 1944 ஜூன், நார்மண்டிப் படையெடுப்பின் பட்டைகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. நேச நாட்டு ஆட்களே தங்கள் விமானத்தைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, ரகசியம் காக்கக் கடைசி நேரத்தில், அவசர அவசரமாகத் தீட்டியவை. அடுத்தமுறை அந்த நாளின் படம் கண்ணில் பட்டால் பட்டையின் ஓரத்தைப் பாருங்கள். கோணலாக இருக்கும், தூரிகை ஓடிய தடம்கூடத் தெரியும். வணக்கம்.