கதைக்குக் கரு கிடைக்கவில்லை என்கிறவர்களுக்கு ஒரு கல்வெட்டும் ஒரு போட்டியும்

வணக்கம். பின்னால் குக்கர் சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், இந்த நேரத்தை விட்டால் எனக்கு வேறு நேரம் கிடையாது. போன வீடியோ போட்டதிலிருந்து என்னிடம் வருகிற கேள்விகள் இரண்டே ரகம்தான். எழுத ஆசை இருக்கிறது, கரு கிடைக்கவில்லை என்பது ஒன்று. எழுதி வைத்திருக்கிறேன், எங்கே அனுப்புவது என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன்.

இருங்கள், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒன்றை இழுக்கிறேன். இந்த அட்டைப்பெட்டியில் 43 புத்தகங்கள் இருக்கின்றன, எல்லாம் ஒரே புத்தகம், என் முதல் சிறுகதைத் தொகுப்பு. ஒரு பதிப்பகம், பெயர் வேண்டாம், 28 ஆயிரம் ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். நூலக ஆணை வாங்கிவிடலாம் மேடம், கண்காட்சியில் முன்வரிசையில் வைத்துவிடலாம் மேடம் என்று வாய் நிறையப் பேசினார்கள், கடைசியில் ஒரு நாள் லாரி சர்வீஸில் இந்தப் பெட்டி வந்து இறங்கியது, அவ்வளவுதான். பின்னட்டையில் என் ஊர்ப் பெயரே தப்பு. ரொம்ப நாள் அவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், இதில் இருக்கிற 11 கதைகளில் ஒன்றுகூட அதற்கு முன்னால் எந்தப் பத்திரிகைக்கும் போனதில்லை. வேண்டாம் என்று திருப்பி அனுப்பக்கூட நான் யாருக்கும் வாய்ப்புக் கொடுக்கவில்லை. புத்தகம் என்று ஒன்று கையில் வர வேண்டும் என்கிற அவசரம்.

அதனால் புத்தகத்தை விடுங்கள், முதலில் ஒரு கதையை வெளியே அனுப்புங்கள். நம் ஆட்களில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு இடம் இருக்கிறது. காமன்வெல்த் சிறுகதைப் பரிசு. அது ஆங்கிலத்துக்கு மட்டும் என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். இல்லை, அவர்கள் ஏற்றுக்கொள்ளும் மொழிகளில் தமிழும் உண்டு. தமிழில் எழுதியதை அப்படியே தமிழிலேயே அனுப்பலாம், நாம் காசு கொடுத்து மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. 2,000 வார்த்தைக்குக் குறையக் கூடாது, 5,000 தாண்டக் கூடாது, எங்கேயும் வெளிவந்திருக்கக் கூடாது, 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு ஆளுக்கு ஒரே கதை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த் நாடுகள்தான் என்பதால் தமிழில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இதற்குள் வந்துவிடுவார்கள். ஐந்து வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு கதைக்கு 2,500 பவுண்டு, எல்லாவற்றிலும் சிறந்த கதைக்கு 5,000 பவுண்டு, நம் காசுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல். வருடத்தின் கடைசி மாதங்களில்தான் வழக்கமாகக் கெடு வரும், தேதியை அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், என் வாயை நம்ப வேண்டாம்.

கிடைக்குமா என்றால், உலகமெங்குமிருந்து கதைகள் குவிகிற இடம், லாட்டரி மாதிரிதான். ஆனால் அந்தக் கெடு இருக்கிறதே, அதற்காகவே சொல்கிறேன். கெடு இல்லாமல் நான் ஒரு கதையையும் முடித்ததே இல்லை. பரிசு வராவிட்டால் கதை கையில் இருக்கும், அதைச் சொல்வனம் என்கிற இணைய இதழுக்கோ, மலேசியாவிலிருந்து வருகிற வல்லினம் இதழுக்கோ, அச்சில் வர வேண்டுமென்றால் காலச்சுவடு மாதிரி ஒரு பத்திரிகைக்கோ அனுப்பலாம். ஒரே கதையை ஒரே நேரத்தில் நாலு பேருக்கு அனுப்பாதீர்கள், அது ரொம்ப அசிங்கமாகிவிடும். புத்தகம் ஏற்கெனவே வந்து, வயதும் 35-க்குள் இருந்தால் சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் இருக்கிறது, 50,000 ரூபாய். எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது, பரவாயில்லை. கிண்டிலில் நாமே மின்நூல் போட்டுக்கொள்ளலாம், பிரதிலிபியில் தொடர்கதை எழுதலாம், அங்கே வாசிக்கிறவர்கள் அடுத்த அத்தியாயம் எங்கே என்று சண்டைக்கே வருவார்கள், அதுவும் ஒரு சுகம்தான்.

சிறுகதைக்கு மதிப்பில்லை, நாவல் எழுது என்று சொல்கிற ஆட்களிடம் பானு முஷ்தாக் பெயரைச் சொல்லுங்கள். 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு அவருக்குத்தான். கன்னடம். 12 கதைகள், முப்பது வருடத்துக்கு மேலாக அவ்வப்போது எழுதியவை. தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் கொண்டு போனார். 50,000 பவுண்டில் இருவருக்கும் சரிபாதி. அந்தப் பரிசு ஒரு சிறுகதைத் தொகுப்புக்குப் போனது அதுதான் முதல் தடவை.

சரி, கருவுக்கு வருகிறேன்.

கரு தேடி மலைக்குப் போகிறேன், கடலுக்குப் போகிறேன் என்கிறார்கள். போங்கள், காற்று நன்றாக இருக்கும். நான் பழைய பட்டியல்களைப் படிக்கிறவள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போய் நந்தியோடு செல்ஃபி எடுத்துவிட்டு வருகிறோமே, அந்தக் கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த ஒரு நீளமான கல்வெட்டு இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்கிற நூல் வரிசையின் இரண்டாம் தொகுதியில் 66-ஆம் எண், இணையத்தில் சும்மாவே படிக்கலாம். மற்ற கோயில்களிலிருந்து கொண்டுவந்து இந்தக் கோயிலுக்காகக் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயிலை ஒட்டிய தெருக்களில் குடியிருந்து கோயிலில் ஆடுகிற பெண்களின் பட்டியல் அது. வெறும் பெயர் இல்லை, முகவரியோடு. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, முதல் வீடு, திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை, பங்கு ஒன்று. சிறகு என்றால் வீட்டு வரிசை. அப்படியே இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று தபால்காரர் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். ஒருத்தி திருவாரூர், ஒருத்தி நாகப்பட்டினம். ஒருத்தியின் பெயர் எடுத்தபாதம். ஆடுகிற சிவனின் தூக்கிய காலைப் பெயராக வைத்திருக்கிறார்கள், எனக்கு அந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் ஓடவில்லை.

ஒரு பங்குக்கு வருடம் 100 கலம் நெல், ஆடவல்லான் என்கிற மரக்காலால் அளந்து. நட்டுவம் செய்கிறவருக்கு, அதாவது ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவருக்கு, இரண்டு பங்கு. செத்துப்போனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு நெருங்கிய உறவுக்குப் போகும், அவர்கள் அந்த வேலையைச் செய்ய வேண்டும், செய்யத் தெரியாவிட்டால் தெரிந்த வேறு ஆளை நிறுத்த வேண்டும்.

இதில் கதை எத்தனை இருக்கிறது பாருங்கள். முதல் வீட்டுக்காரியிடம் வருகிறாயா என்று யாராவது கேட்டார்களா? பக்கத்து வீட்டுக்கு வந்தவள் வேறு ஊர், பேச்சே வேறு, குழம்பே வேறு. மூட்டு தேய்ந்து ஆட முடியாமல் போனவளின் தங்கைக்கு ஆடவே வராது என்றால், அவள் நிறுத்துகிற ஆளுக்கு அந்த 100 கலத்தில் எவ்வளவு போகும், அப்படி ஒரு ஆளைக் கேட்டு யாரிடம் போய் நிற்பாள்? கல்வெட்டில் இதற்கெல்லாம் பதில் கிடையாது. அங்கேதான் நமக்கு வேலை. ராஜா, போர், யானை எதுவும் வேண்டாம், தயவுசெய்து இளவரசன் மாறுவேடத்தில் அந்தத் தெருவுக்கு வர வேண்டாம், போதும்.

கல்வெட்டு பிடிக்காதவர்கள் உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுங்கள். வடக்கே இன்னார் மனை, கிழக்கே வாய்க்கால் என்று எழுதியிருப்பார்களே, அந்த வாய்க்கால் இப்போது எங்கே? என் தாத்தாவின் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் யாரென்று வீட்டில் யாருக்குமே தெரியவில்லை, அம்மாவிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். அதை நான் விடுவதாக இல்லை.

இப்போதைக்கு எடுத்தபாதத்தை வைத்து 1,140 வார்த்தை எழுதியிருக்கிறேன், அவளும் பக்கத்து வீட்டுக்காரியும் மரக்கால் அளவில் சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், அதற்கு மேல் நகரவில்லை. நாலு விசில் ஆகிவிட்டது, போய் அடுப்பை அணைக்கிறேன்.