அப்பாவின் நோட்டும் இறாலின் முறையும்

(ராமநாதபுரத்தில் கல்லூரி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எங்கள் அப்பா பாம்பனில் மீன் கமிஷன் வியாபாரம் பார்த்தவர். அவர் நோட்டில் ஒரு பக்கம் சொல்கிறேன். செவ்வாய்: விசைப்படகு இறால், ஐஸ். வியாழன்: விசைப்படகு இறால், ஐஸ், நண்டு. ஞாயிறு: விசைப்படகு இறால், ஐஸ், சங்காயம் (கழிவாக ஒதுக்கும் பொடிமீன்). ஏன் இந்த மூன்று நாள் என்று கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திங்கள், புதன், சனி விசைப்படகு போகும், மறுநாள் காலையில் கரைக்கு வரும். மற்ற நாளெல்லாம் நாட்டுப்படகுக்கு. கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியாது. வெறும் நோட்டைக் கொடுத்தால் அதுவாகக் கண்டுபிடிக்குமா?

1994-இல் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்கள் ராகேஷ் அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் கொடுத்த அப்ரியோரி முறை, எந்தெந்தப் பொருள் சேர்ந்தே அடிக்கடி வருகிறது என்று எண்ணும். இறாலும் ஐஸும் அதில் சிக்கும். பெயின்டும் பிரஷ்ஷும்கூடச் சிக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி மராமத்து பார்க்கிற இரண்டு மாசமும் நோட்டு முழுக்க அதுதானே! முறை வைத்து வருவதும் கும்பலாக வந்து போவதும் எண்ணிக்கைக்கு ஒன்றுதான்.

2009-இல் தன்பீர் என்ற ஆராய்ச்சியாளரும் இன்னும் மூவரும் எண்ணிக்கையோடு இடைவெளியையும் பார்த்தார்கள். ஒரு சேர்க்கை வந்த பிறகு மறுபடி வர எத்தனை நாள்? நம் நோட்டில் இரண்டு, மூன்று, இரண்டு. மூன்றைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தால் பெயின்ட் விழுந்துவிடும், இறால் நிற்கும்.

நிற்குமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அவர்கள் முறையில் இருப்பதிலேயே பெரிய இடைவெளிதான் கணக்கு. வருஷத்தில் ஏறக்குறைய 130 இடைவெளி ஒழுங்காக இருந்தும், ஒன்றே ஒன்று அறுபதைத் தாண்டியதால் இறாலும் வெளியே. வருஷமெல்லாம் தவறாமல் வந்த பையனை அம்மைக்கு லீவு போட்டான் என்று பள்ளியை விட்டு அனுப்புகிற மாதிரி. எனக்கு இது ஒப்பவில்லை. பின்னால் வந்தவர்களுக்கும் ஒப்பவில்லை போலும்: மொத்த இடைவெளியில் எத்தனை பங்கு வரம்புக்குள் அடங்குகிறது என்று பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் 130-இல் ஒன்று போனால் போகட்டும்.

தடை நாளைக் கழித்துவிட்டு எண்ணலாமே என்று ஒரு தங்கச்சி கேட்டார். தடைக்குத் தேதி இருக்கிறது, கழிக்கலாம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுவதற்கு ஏது தேதி? கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காது, படகு போகாது. அன்றைக்கெல்லாம் அப்பா நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ‘கூண்டு’ என்று எழுதி வைப்பார். நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது அந்த ஓரத்தை நாங்கள் விட்டுவிட்டோம்.