ஃப்ளாய்ட் சொன்னதை மெடோஸ் நம்பவில்லை: சத்தியமங்கலம், 1790

[காட்சி: பவானிசாகர் நீர்ப்பரப்பு]

பவானிசாகர் அணையில் தண்ணீர் வெகுவாக வற்றும்போது ஒரு பழைய கோயில் தலைகாட்டும். தண்ணாயக்கன் கோட்டை மூழ்கிய இடம் அது. அதற்கு வடக்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் கஜ்ஜலட்டி கணவாய் இருக்கிறது. மைசூர்ப் படை கோவைச் சீமைக்குள் இறங்கும் வழிகளில் முக்கியமானது அதுதான். மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790 செப்டம்பரில், அதைக் கண்காணிக்கும் பொறுப்பு ஆங்கிலேயக் குதிரைப்படையின் கர்னல் ஜான் ஃப்ளாய்டிடம் இருந்தது.

பன்னிரண்டு வயதிலேயே குதிரைப்படையில் சேர்ந்தவர் ஃப்ளாய்ட். 1782இல் அவருடைய ரெஜிமென்ட் சென்னையில் வந்து இறங்கியது. பிரிட்டிஷ் அரசரின் குதிரைப்படை ரெஜிமென்ட் ஒன்று இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை.

[காட்சி: வரைபடம். கோவை, பாலக்காடு, சத்தியமங்கலம்]

குதிரைப்படை என்றதும் வாளை உருவிக்கொண்டு பாய்வதுதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் அன்றாட வேலை வேறு: படைக்கு முன்னே போக வேண்டும், எதிரி எங்கே என்று பார்க்க வேண்டும், பார்த்ததைத் தலைமைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஃப்ளாய்ட் அதைச் சரியாகவே செய்தார். மைசூர் மன்னர் திப்பு கணவாயில் இறங்குகிறார் என்று ஆங்கிலேயப் படைத் தலைவர் ஜெனரல் மெடோஸுக்குத் தகவல் அனுப்பினார். மெடோஸ் நம்பவில்லை, இருந்த இடத்திலேயே இரு என்று உத்தரவு வந்தது. அப்போது ஆங்கிலேயப் படை மூன்றாகப் பிரிந்து கிடந்தது: மெடோஸ் கோவையில், ஸ்டூவர்ட் பாலக்காட்டில், ஃப்ளாய்ட் சத்தியமங்கலத்தில். பிரிந்து நின்ற ஒருவரைத் தனியாக மடக்குவதுதான் திப்புவின் கணக்கு. அருமையான கணக்கு அது.

செப்டம்பர் 13 காலை, வேவு பார்க்கச் சென்ற ஒரு பிரிவை மைசூர்க் குதிரைவீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஃப்ளாய்ட் பாய்ந்து அவர்களை மீட்டார். அதன் பிறகு பொழுது சாயும்வரை திப்புவின் பீரங்கிகள் முகாமின்மேல் குண்டுமழை பொழிந்தன. வண்டி மாடுகள் செத்து விழுந்தன. மாடில்லாமல் பீரங்கி நகராது.

அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் இந்த நாட்டுச் சிப்பாய்கள். இப்படி அடிவாங்கி நிற்க வைக்கிறேனே என்று ஃப்ளாய்ட் வரிசை வரிசையாகச் சென்று வருந்தியபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் உப்பைத் தின்றவர்கள் நாங்கள், எங்கள் உயிர் அதற்கே உரியது என்று அவர்கள் பதில் சொன்னார்களாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. உப்பு விளைந்தது யாருடைய மண்ணில்?

[காட்சி: உக்கரம் வழிச் சாலை, வேலியிட்ட தோட்டங்கள்]

மறுநாள் விடியுமுன் பின்வாங்கல் தொடங்கியது. சில பீரங்கிகளை விட்டுவிட்டே கிளம்பினார்கள். உக்கரம் அருகே, வேலியும் தோட்டமுமான குறுகிய நிலத்தில், திப்புவின் காலாட்படை நெருங்கிவிட்டது. திப்புவின் மைத்துனர் புர்ஹானுத்தீன் அங்கேதான் வீழ்ந்தார். அந்த நேரம் பார்த்து மெடோஸ் வந்துவிட்டார் என்று ஒரு புரளி கிளம்பியது. களைத்துக் கிடந்த படை ஆரவாரம் செய்தது. அதைக் கேட்டுத் திப்புவும் உண்மை என்றே எண்ணிப் பின்வாங்கினார். மெடோஸோ வேறு பாதையில் போயிருந்தார்! இரு படைகளும் சேர மேலும் இரண்டு நாள் ஆயிற்று.

அதே போரில், 1791 மார்ச் 6, பெங்களூர் அருகே. எதிரியின் மூட்டை முடிச்சுகள் கண்ணில் பட, உத்தரவை மீறித் துரத்தினார் ஃப்ளாய்ட். துப்பாக்கிக் குண்டு கன்னத்தில் நுழைந்து தாடையைத் துளைத்தது. அவர் இறந்துவிட்டார் என்று நினைத்துக் குதிரைப்படை சிதறியது. பின்னால் வந்த காலாட்படையும் பீரங்கிகளும்தான் அதைக் காப்பாற்றின. அவருடைய ஆட்கள் சிலர் அவரைத் தூக்கி மறுபடியும் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள்.