குதிரை வண்டி: வேகம் வேறு, பயண நேரம் வேறு

அவையோர்க்கு வணக்கம்.

சரித்திரக் கதைகளில் அடிக்கடி ஒரு கணக்கு வரும். குதிரை மணிக்கு 40 கிலோமீட்டர் பாயும், ஆகவே 200 கிலோமீட்டர் போக ஐந்து மணி நேரம் போதும் என்று. தப்பான கணக்கு. நாலுகால் பாய்ச்சலைக் குதிரை சில நிமிடங்கள்தான் தாங்கும். பின்னால் வண்டியும் ஆட்களும் இருந்தால் அதுவும் தாங்காது.

வண்டிக் குதிரைக்கு இரண்டு நடைதான் முக்கியம். சாதாரண நடையில் மணிக்குச் சுமார் 6 கி.மீ., தொங்கோட்டத்தில், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட சீரான ஓட்டத்தில், 12 முதல் 14 கி.மீ. ஒரே ஜோடிக் குதிரையோடு நல்ல சாலையில் 48 கி.மீ. போவதாக வைத்துக்கொள்வோம். புறப்பட்டதும் உடம்பு சூடேறும் வரை நடை. மேடுகளில் நடை. கடைசி ஒரு கிலோமீட்டரும் நடை, மூச்சு அடங்கித்தான் லாயத்தில் நிற்க வேண்டும். இப்படி 12 கி.மீ. நடைக்கு 2 மணி, மீதி 36 கி.மீ. தொங்கோட்டத்துக்கு 3 மணி, நடுவில் தண்ணீர், தீவனம், ஓய்வுக்கு 2 மணி. ஆக 7 மணி நேரம். நாளைக்கும் அதே குதிரை வேலை செய்ய வேண்டுமென்றால் இதற்கு மேல் விரட்டக் கூடாது.

மேடு ஏன் இவ்வளவு நேரத்தைத் தின்கிறது? கெட்டியான சமதளச் சாலையில் 1000 கிலோ வண்டியை நகர்த்தச் சுமார் 25 கிலோ இழுவை போதும். இருபது அடிக்கு ஓரடி ஏறும் மேட்டில் இன்னும் 50 கிலோ சேர்கிறது, அதாவது மூன்று மடங்கு! பயணிகளை இறங்கி நடக்கச் சொன்னது இதனால்தான். மணலிலும் சேற்றிலும் சமதளமே மேடாகிவிடும்.

வழியில் நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாதபடி சுட்டால் மசகு தீர்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் இருசு, அதாவது சக்கரம் சுழலும் அச்சு, தேய்ந்து இறுகும். வறண்ட காலத்தில் சக்கரத்தின் மரம் சுருங்கி அதைச் சுற்றிய இரும்புப் பட்டா தளரும். லாடத்துக்குள் சிக்கிய ஒரு சிறு கல் குதிரையை நொண்ட வைத்துவிடும். பத்து நொடியில் எடுத்திருக்கக்கூடிய கல்லுக்கு அரை நாள் போய்விடும்.

அப்படியானால் தூரப் பயணம் வேகமானது எப்படி? குதிரையை மாற்றித்தான். இங்கிலாந்தில் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்குச் சுமார் 190 கி.மீ. ஜான் பாமர் ஏற்பாடு செய்த தபால் வண்டி 1784 ஆகஸ்ட் 2 அன்று மாலை 4 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 8 மணிக்கு லண்டன் சேர்ந்தது. 16 மணி நேரம், சராசரி மணிக்கு 12 கி.மீ. அதற்கு முன் தபாலுக்கு 38 மணி நேரம் வரை பிடித்தது. குதிரை ஜாதி மாறவில்லை. ஏறக்குறைய 16 கி.மீ.க்கு ஓரிடத்தில் புதுக் குதிரைகள் சேணத்தோடு காத்திருந்தன, இரவிலும் வண்டி நிற்கவில்லை. 1830-களில், மெக்காடம் முறையில் சிறுகல் பரப்பிக் கெட்டித்த சாலைகளும் வந்தபின், லண்டன்–எடின்பரோ 640 கி.மீ. சுமார் 45 மணி நேரமாயிற்று.

தபால் காவலரிடம் பூட்டிய பெட்டியில் ஒரு கடிகாரம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வோர் ஊரும் சூரியனை வைத்தே தன் நேரத்தைக் கணக்கிட்டது; மேற்கே இருக்கும் பிரிஸ்டலின் உள்ளூர் நேரம் லண்டனைவிடப் பத்து நிமிடம் பிந்தியது. எனவே கிழக்கே லண்டனுக்கு வரும் வண்டியில் கடிகாரம் சற்றே முந்தி ஓடும்படி திருத்தி வைப்பார்கள், திரும்பும்போது பிந்தி ஓடும்படி.