டிஸ்கோவுக்கு முந்தைய பீ ஜீஸ்

வணக்கம் மக்களே! சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் செம்பனை லாரி சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த நேரத்தில் ஆலைக்குப் போகும் வண்டி ஓயாது.

போன வீடியோவில் நம்ம பினாங்கு அண்ணன் தம்பி இசைக்குழு அலிகேட்ஸ் பற்றிப் பேசினேன் இல்லையா? உடனே பீ ஜீஸ் எப்போது என்று கேட்டுவிட்டீர்கள். சரி, இன்றைக்கே பேசிவிடுவோம். ஆனால் வெள்ளை உடை, கள்ளக்குரல் (ஃபால்செட்டோ என்கிற மெல்லிய உச்சக் குரல்), டிஸ்கோ எல்லாம் கிடையாது. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய காலம்.

பீ ஜீஸ் என்றால் மூன்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து பாடிய ஆங்கிலப் பாப் இசைக்குழு. மூத்தவர் பேரி கிப். அடுத்து ராபினும் மோரிஸும், இரட்டையர். 1958இல் குடும்பம் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனது. பிரிஸ்பேன் பக்கம் ரெட்கிளிஃப்பில் ஒரு மோட்டார் பந்தயத் திடல். பந்தயங்களுக்கு நடுவே இந்தப் பையன்கள் பாடுவார்கள், கூட்டம் சில்லறையைப் பந்தயப் பாதையிலேயே வீசும், இவர்கள் ஓடிப்போய்ப் பொறுக்குவார்கள். பந்தய அமைப்பாளர் பில் கூட், வானொலி அறிவிப்பாளர் பில் கேட்ஸ், அப்புறம் பேரி கிப். மூன்று பேருக்கும் ஒரே இனிஷியல், பி.ஜி. (B.G.), பெயர் அப்படித்தான் வந்தது. இந்த பில் கேட்ஸ் கம்ப்யூட்டர்காரர் இல்லை!

1967 தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பி, ஜூலையில் 'பீ ஜீஸ் ஃபர்ஸ்ட்' வெளியிட்டார்கள். பெயர்தான் ஃபர்ஸ்ட், ஆஸ்திரேலியாவில் ஏற்கனவே இரண்டு ஆல்பம் வந்தாயிற்று. இதில் சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் மனைவியின் படத்தைக் காட்டிப் பேசுகிற பாட்டு ஒன்று உண்டு, 'நியூயார்க் மைனிங் டிசாஸ்டர் 1941'. பாலிடோர் இசைத்தட்டு கம்பெனி மாடிப்படியில், கரண்ட் இல்லாத இருட்டில் உட்கார்ந்து எழுதினோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 1966இல் வேல்ஸில் அபர்ஃபான் என்ற ஊரில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து 116 பிள்ளைகள் செத்துப்போனார்கள். அந்தச் செய்தி மனதில் இருந்த நேரம்.

இந்தப் பாட்டை ஹெட்செட் போட்டுக் கேளுங்கள். கோயில் பஜனையில் நாம் எல்லாரும் ஒரே ஸ்வரத்தைப் பிடிப்போம். இவர்களில் ஒருவர் ச பிடித்தால் இன்னொருவர் க, மற்றவர் ப. ராபினுக்கு நடுங்குகிற குரல், பேரிக்கு மூச்சுக்காற்று கலந்த குரல். மோரிஸ் பாடுவது தனியாகக் காதில் விழாது, ஆனால் அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது அவர்தான். ஒரே வீட்டில் பேசி வளர்ந்தவர்கள், நெடிலை ஒரே மாதிரி இழுக்கிறார்கள், ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள். வெளியாட்களைச் சேர்த்து இதைக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம்.

திருவிழா மேடையில் டிராக் போட்டுப் பாடும் அக்கா தங்கச்சிகள் நம் பக்கம் நிறைய இருக்கிறீர்கள். ஒருமுறை டிராக்கை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு ஸ்வரம் பிடித்துப் பாடி அனுப்புங்கள். நன்றாக இருந்தால் அடுத்த வீடியோவில் போடுகிறேன்.