வெள்ளிப் பாளத்தில் ஒரு 'போய்ட்டு வரேன்'

(திரையில்: வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே உள்ளே திரும்பிப் பார்க்கும் ஒருவர்.)

வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் 'போறேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் பாட்டி திட்டுவார். 'போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். சரி, இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் பார்ப்போம். 'குட்பை' என்றால் போவது மட்டும் போகிறது, வருவது விழுந்துவிடுகிறது. விழுந்த அந்தப் பாதி எங்கே போகிறது?

மந்திரமாகிவிடுகிறது என்கிறது 2022-ல் வந்த 'பேபல்' நாவல்.

அதையும் சேர்த்து இன்றைக்கு நான்கு நாவல்கள். ஒன்று மிகுபுனைவு, அதாவது ஃபேண்டஸி, மற்ற மூன்றும் அறிவியல் புனைவு. நான்கிலும் நான் கவனித்தது ஒன்றைத்தான்: இரண்டு மொழிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் எழுத்தாளர் என்ன செய்கிறார்? கதைகளின் முடிவைச் சொல்ல மாட்டேன், தைரியமாகப் பாருங்கள்.

(திரையில்: பழைய ஆக்ஸ்ஃபோர்டின் ஓவியம். இருபுறமும் எழுத்து பொறித்த வெள்ளிப் பாளம்.)

'பேபல்' எழுதியவர் ஆர்.எஃப். குவாங். கதை நடப்பது 1830களின் ஆக்ஸ்ஃபோர்டில். வெள்ளிப் பாளத்தின் ஒரு பக்கம் ஒரு மொழியின் சொல்லைப் பொறிக்கிறார்கள், மறுபக்கம் இன்னொரு மொழியில் அதற்கு ஈடான சொல்லை. இரண்டையும் வாய்விட்டுச் சொன்னால், மொழிபெயர்ப்பில் தவறிப்போன அர்த்தம் நிஜமாகவே நடக்கும். 'வூஷிங்' என்ற சீனச் சொல்லுக்கு உருவமற்றது என்று பொருள். ஆங்கிலத்தில் அதைக் கண்ணுக்குத் தெரியாதது என்று பெயர்க்கிறார்கள். உருவம் இல்லாததும் கண்ணில் படாததும் ஒன்றா என்ன? அந்த இடைவெளியை வைத்துக்கொண்டுதான் ராபின் என்ற பையன் திருடர்களை மறைய வைக்கிறான்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு மொழியிலும் யோசிக்கத் தெரிந்தவர் சொன்னால்தான் பலிக்கும். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அது வெறும் உலோகம். நாவல் முழுக்க இந்த ஒரு நிபந்தனையிலிருந்து பிறக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஐரோப்பிய மொழிகள் ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கி வாங்கித் தேய்ந்துவிட்டன, இடைவெளி குறைந்துவிட்டது. அதனால் தூரத்து மொழிகள் வேண்டும், அவற்றைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைகள் வேண்டும். ராபின் சீனாவின் கான்டன் நகரிலிருந்து கொண்டுவரப்பட்டவன். அவனுடைய நண்பன் ராமி கல்கத்தாக்காரன். இவர்கள் வாயிலிருந்து வரும் சொல்லில் பிரிட்டனின் கப்பலும் ஆலையும் ஓடுகின்றன.

நம்முடைய 'போய்ட்டு வரே'னைப் பாளத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்று படிக்கும்போதே யோசித்தேன். போனவர் பத்திரமாகத் திரும்பி வருவார். நல்ல மந்திரம்தான். ஆனால் இந்த நாவலின் ஆட்கள் அதைப் பாட்டிகளுக்கா கொடுப்பார்கள்? போர்க்கப்பலில் பதிப்பார்கள்.

குறை என்றால் அடிக்குறிப்புகள். சொற்களின் பூர்வீகம் சொல்லும் குறிப்புகள் எனக்குத் தேன். ஆனால் ஒரு பாத்திரம் இனவெறியோடு பேசினால், அது இனவெறிதான் என்று குவாங் கூடவே நின்று விளக்கும் இடங்கள் சலிப்பூட்டுகின்றன. பரிமாறியவரே ஊட்டியும் விடுகிறார். அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் நெபுலா விருதை வாங்கிய இந்த நாவல், அதே வகைக்கான 2023 ஹ்யூகோ விருதில் போதுமான பரிந்துரைகள் இருந்தும் 'தகுதியில்லை' என்று காரணம் சொல்லாமல் ஒதுக்கப்பட்டது. அந்தக் கூத்துக்குத் தனி வீடியோ வேண்டும்.

(திரையில்: இருட்டில் ஒரு விண்கலம். சுருதி சேர்ந்த சில ஒலிகள்.)

அடுத்தது ஆண்டி வியர் எழுதிய 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி', 2021. சூரியனின் ஆற்றலைத் தின்னும் நுண்ணுயிரால் பூமி குளிரப்போகிறது. பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் பெயர்கூட நினைவில்லாமல் விண்கலத்தில் கண்விழிக்கிறார். போன இடத்தில் ராக்கி என்ற வேற்றுக்கிரகவாசி. ஐந்து கால், கண் கிடையாது, ஒலியால் பார்க்கிறது, பேச்செல்லாம் இசை. ஆசிரியர் மடிக்கணினியில் ஒலிகளைப் பிரித்து அட்டவணை போடுகிறார். சீக்கிரமே இருவரும் அரட்டை அடிக்கிறார்கள்! ராக்கிக்குக் கேட்டதெல்லாம் மறக்காது என்று வியர் காரணம் சொல்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று வருடம் பெங்களூருவில் இருந்தும் எனக்கு ஆட்டோவில் பேரம் பேசும் அளவுக்குத்தான் கன்னடம் வந்தது.

ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ராக்கி கேள்வி கேட்டால் வாக்கியத்தின் கடைசியில் 'கேள்வி' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லும். ஆங்கிலத்தில் அது வேடிக்கை. தமிழில் கொண்டுவந்தால் சிக்கல். 'தூங்கினாயா' என்பதில் அந்த 'ஆ'வே கேள்விதானே? 'நீ தூங்கினாய், கேள்வி' என்று எழுதினால்தான் ராக்கி ராக்கியாக இருக்கும்.

(திரையில்: நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு பெருநகரம்.)

ஆர்கடி மார்டினின் 'எ மெமரி கால்ட் எம்பயர்' 2019-ல் வந்தது, அடுத்த ஆண்டு ஹ்யூகோ விருது பெற்றது. மார்டின் பைசாந்தியப் பேரரசின் வரலாற்றைப் படித்தவர், அது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. சின்ன விண்வெளி நிலையம் ஒன்றிலிருந்து பேரரசுக்குத் தூதராகப் போகிறாள் மஹித். சிறுவயதிலிருந்தே பேரரசின் கவிதைகள் மீது அவளுக்குப் பித்து. தன் ஊரை விழுங்கக் காத்திருப்பதும் அதே பேரரசுதான். அங்கே நகரம், உலகம், பேரரசு மூன்றுக்கும் ஒரே சொல். அப்படியென்றால் வெளியே இருக்கும் மஹித் எதற்குள் சேர்த்தி?

அங்குள்ளவர்களின் பெயர்கள் ஓர் எண்ணும் ஒரு பொருளும் சேர்ந்தவை. வெளியிலிருந்து குடியேறிய ஒருவர், விவரம் தெரியாமல் 'முப்பத்தாறு பனிப்பிரதேச வாகனம்' என்கிற மாதிரி ஒரு பெயரை வைத்துக்கொள்கிறார். சிரித்தேன். அப்புறம், நான் ஆங்கிலத்தில் பேசும்போது யாரெல்லாம் இப்படிச் சிரித்திருப்பார்கள் என்று தோன்றியது. சதித்திட்டம், கொலை எல்லாம் கதையில் உண்டு. எனக்கு அவை பாதி மறந்துவிட்டன.

(திரையில்: கடலடி. நிறம் மாறும் ஓர் ஆக்டோபஸ்.)

நான்கில் எனக்கு நெருக்கமானது கடைசிதான். ரே நெய்லரின் 'தி மவுண்டன் இன் தி ஸீ', 2022. வியட்நாமின் கான் டாவ் தீவுகளில், தோலில் குறிகள் காட்டிப் பேசும் ஆக்டோபஸ்கள் இருக்கக்கூடும் என்று ஹா என்ற ஆய்வாளர் வருகிறார். நிஜ ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள், பெரும்பாலானவை கைகளில். ஆயுளோ பல இனங்களுக்கு ஓரிரு வருடங்கள்தான், குஞ்சு பொரித்ததும் தாய் இறந்துவிடும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் மொழி எப்படித் தங்கும்?

நெய்லர் இந்தக் கேள்வியை அவசரமாக முடித்துவிடவில்லை. ஒரு குறி மிரட்டலா, பெயரா, 'வராதே' என்பதா என்று ஹாவோடு சேர்ந்து நாமும் தடவித் தடவிப் போகிறோம். ராக்கியோடு நடந்த அரட்டை இங்கே கிடையாது. நடுவில் அடிமைகளை வைத்து மீன்பிடிக்கும் ஒரு தானியங்கிக் கப்பலின் கதையும் ஓடுகிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, மனிதர்கள் சக மனிதனின் பேச்சையே கேட்காத இடமாக அந்தக் கப்பல் மாறியபோது எரிச்சல் போய்விட்டது.

வரிசை கேட்டால், ஹெய்ல் மேரியில் தொடங்குங்கள், ஆக்டோபஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகம் என்னுடையது இல்லை. இரவல் கொடுத்த நண்பரிடம் 'படிச்சிட்டுத் தரேன்' என்று சொல்லி எட்டு மாதமாகிறது. எந்தப் பாளத்தில் பொறித்தாலும் இந்தச் சொல் பலிக்காது போலிருக்கிறது.